ராஜாத்தி பிரியாணியும் நாற்பது கம்பி ஹார்ட் டிஸ்கும்

என் வீட்டுக்காரர் டென்னிஸுக்குக் கடையில் கிடைக்கிற சாமானைக் கடையில் வாங்குவது அறவே பிடிக்காது. தண்டையார்பேட்டையில் இருபது வருடமாக மைக்செட் கடை நடத்துகிறோம். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் எங்களுடையதுதான். வருகிற வேலையைப் பார்த்தாலே பொழுது சரியாக இருக்கும். ஆனால் இவருக்கு எதையாவது பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டும்போது நான்கு ஸ்குரு மிச்சம் வந்தால்தான் சோறு இறங்கும்.

போன டிசம்பர் மழையில் கடைக்குள் முழங்கால் தண்ணீர் வந்து பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. இருபது வருடத்து அறிவிப்புகள் மொத்தமும் அதில்தான். அத்தனையும் ஒரே குரல், பரசுராமன் குரல்.

பரசுராமன் எங்கள் ஆட்டோ டிரைவர். அறிவிப்பாளரும் அவரே. அவர் ஆட்டோ தலையில் இரண்டு குழாய்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் கொருக்குப்பேட்டை வரைக்கும் ஜனம் காதைத் தீட்டிக்கொள்ளும். வேறு யார் குரலில் சொன்னாலும் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார்கள். ஒரு தடவை நானே பேசிப் பார்த்தேன். எனக்குத் திசையன்விளைப் பக்கம். என் தமிழைக் கேட்டுவிட்டு, யாரோ ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெருநாய்கூட நகரவில்லை.

அந்த ஹார்ட் டிஸ்க் பழைய காலத்து ரகம். பின்னால் நாற்பது ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கு ரிச்சி தெருவில் ஒரு ஒயர் விற்கிறார்கள் என்பது எனக்கே தெரியும்.

“ஒரு எட்டு போயி வாங்கிட்டு வந்திருங்களேன்” என்றேன்.

“வாங்குனா வேல முடிஞ்சிருமே பெர்சிஸ். அதுல என்ன இருக்கு?” என்றார்.

வேலை முடியத்தான் வேலை செய்கிறோம் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒயருக்குப் பதிலாக அவர் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வாங்கி வந்தார். பிஸ்கட் அளவுக்கு ஒரு பச்சைப் பலகை. துணி துவைக்கும் மிஷினுக்குள் உட்கார்ந்துகொண்டு ‘இப்போது சுற்று, இப்போது நில்’ என்று சொல்கிற சின்ன மூளை அது. அதையும் ஹார்ட் டிஸ்கையும் நாற்பது கம்பிகளால் இணைத்துவிட்டால், இத்தனாம் நம்பர் கட்டத்தில் இருப்பதைக் கொடு என்று மூளை கேட்குமாம், டிஸ்குக்குள் இருக்கும் தட்டு சுற்றிக் கொடுக்குமாம், இன்னொரு சில்லு அதைச் சத்தமாக்குமாம். மூன்று மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. ஒரு கம்பி மாறினாலும் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொண்டு நின்றுவிடும்.

“இந்தக் கம்பியக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு அழுவிய?” என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்தே போனது. ஒருநாள் மத்தியானம் திடீரென்று மேஜையிலிருந்து பரசுராமன் குரல், “அன்பார்ந்த பொதுமக்களே” என்றது. டென்னிஸ் தேம்பித் தேம்பி அழுதார். எங்கள் கல்யாணத்தில்கூட அவர் அழவில்லை. நான்தான் அழுதேன், அதற்கு வேறு காரணங்கள்.

இனி ராஜாத்தி கதைக்கு வருகிறேன். ராஜாத்தி பரசுராமனின் மனைவி. மாதவரம் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு கேன்டீனில் இருபது வருடம் சமைத்தவள். சொந்தமாக ஒரு பிரியாணிக் கடை போடவேண்டும் என்பது அவள் உயிர். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு மார்ச் மாதம் எல்லாம் தயாராக இருந்தது. கடை பிடித்தாயிற்று, பேனர் அடித்தாயிற்று, பரசுராமன் அறிவிப்பும் பதிவு செய்துவிட்டார். மறுநாள் ஊரடங்கு. பேனரைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுத் திரும்பக் கேன்டீனுக்கே வெங்காயம் நறுக்கப் போனாள்.

இந்த வருடம் மறுபடி துணிந்து வேலையை விட்டாள். கேன்டீன் மேனேஜர் சவரிநாதன் வழியனுப்பும்போது, “போ ராஜாத்தி, ஒரு மாசத்துல திரும்பி வருவ. உன் வெங்காயக் கத்திய வேற யாருக்கும் தரமாட்டேன்” என்றாராம். அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் திறப்பு விழா. இரண்டு பெரிய தேக்சா நிறையக் கோழி பிரியாணி. கூட்டம் வந்தால் கடை, வராவிட்டால் கத்தி. அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை பரசுராமன் வியாசர்பாடியில் கால்பந்து மேட்ச் பார்க்கப் போனார். தங்கை மகன் கோல் போட்டானாம். இவர் போட்ட கூச்சலில் தொண்டை கிழிந்து, வீட்டுக்கு வரும்போது காற்று மட்டும்தான் வந்தது. ஒரு வாரம் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நாளத் தள்ளிப் போட்டா என்ன ராஜாத்தி?” என்று கேட்டேன்.

“போன தபா தள்ளிப் போட்டு ஆறு வருசம் பூட்ச்சிக்கா. இந்த தபா எவன் தொண்ட பூட்டாலும் ஞாயித்துக்கெழம தேக்சா எறங்கியே ஆவணும்” என்றாள்.

அப்போதுதான் டென்னிஸின் முகம் மலர்ந்தது. ஆறு வருடத்துக்கு முந்திய அந்த அறிவிப்பு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதே. பரசுராமன் எந்த அறிவிப்பிலும் தேதி சொல்ல மாட்டார். ‘இன்று’ என்றுதான் சொல்வார். பிசகு வந்து நாள் மாறினாலும் அதே பதிவை ஓட்டலாம் என்று ஒரு தொழில் புத்தி. எங்கள் வீட்டு மேஜையில் ஓட்டிப் பார்த்தோம். “அன்பார்ந்த பொதுமக்களே, நமது தண்டையார்பேட்டை மார்க்கெட் பின்புறம், ராஜாத்தி பிரியாணி” என்று கணீரென்று வந்தது. எல்லோரும் கைதட்டினோம். கைதட்டிய சந்தோஷத்தில் டென்னிஸ் சுவிட்சை அணைத்துவிட்டார். மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

“அத போன்ல பதிஞ்சி, போனயே ஆட்டோல மாட்டிருங்களேன்” என்றேன் நான்.

“மூணு மாசம் நான் பட்ட பாட்டுக்கு, கடைசில ஒரு போனா?” என்று மனிதர் அன்று இரவு என்னோடு பேசவே இல்லை.

ஆக ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஹார்ட் டிஸ்கே நேரில் ஊர்வலம் கிளம்பியது. லாரி ஓடிக் குழி விழுந்த ரோட்டில் டிஸ்க் குலுங்கிவிடக் கூடாது என்று, டென்னிஸ் ஆட்டோவின் பின் சீட்டில் மடியில் தலையணை வைத்து, அதன்மேல் டிஸ்கை வைத்து, பச்சைப் பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோவதுபோலப் போனார். முன்னால் பரசுராமன். தலைக்கு மேலே இரண்டு குழாய் அலறுவதால் மைக்செட்காரர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வது வழக்கம். இரண்டு பேரும் நன்றாகத் திணித்துக்கொண்டார்கள்.

நான் ராஜாத்திக்குத் துணையாகக் கடைக்குப் போனேன். வாசலில் அந்தப் பழைய பேனரே தொங்கியது. அதில் ராஜாத்தி ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணி ஆனது. ஒரு ஈ இல்லை. பதினொன்றே கால். ராஜாத்தி துடைத்த மேஜையையே துடைத்தாள். பிறகு, “நான் தம்மு நெருப்பப் பாக்கறேன்” என்று பின்பக்கம் போய்விட்டாள். அழத்தான் போனாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது அடுத்த தெரு காத்தூன் பீவி தலையில் முக்காட்டோடு வந்தார். வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசும்பினார்.

“எப்டிம்மா ஆச்சி? நேத்து கூட அரிசி கடையில நின்னு பேசிகினு இருந்தமே.”

ராஜாத்தியின் ஆறு வருடத் தவிப்புக்காக இந்த அம்மா இவ்வளவு உருகுகிறாரே என்று எனக்கும் கண் கலங்கியது. “எல்லாம் நல்லபடியா ஆச்சும்மா, உக்காருங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பின்னாலேயே ஐந்து பேர், பத்து பேர், முப்பது பேர். எனக்கு மனசு குளிர்ந்தது. கர்த்தரே, அந்தக் கம்பிக் கொத்தைத் திட்டியதற்கு என்னை மன்னியும் என்றேன். ஆனால் வந்தவர்கள் ஒருத்தரும் விலைப்பட்டியலைப் பார்க்கவில்லை. பெண்கள் கடை வாசலில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் எதிர்ப்பக்கம் கைகட்டி நின்றார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். ஒருவர் ராஜாத்தியின் பேனருக்கு ரோஜா மாலை போட்டார். திறப்பு விழாவுக்குப் போடுவதுதானே என்று நினைத்தேன். அடுத்தவர் ஊதுபத்தி கொளுத்தினார். அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவதாக இரண்டு மேளக்காரர்கள் வந்து தோல் காயத் தீ மூட்டியபோதுதான் எனக்குச் சொல்லிக்கொள்ளச் சமாதானம் தீர்ந்துபோனது.

அந்த நேரம் பார்த்துக் கேன்டீன் சவரிநாதன் வந்தார். கையில் இடுப்பளவு சம்பங்கி மாலை. என்னிடம் தாழ்ந்த குரலில், “அந்தக் கத்தியப் பத்தி நான் பேசியிருக்கக் கூடாதும்மா. அது மனசுல பட்டுத்தான் போயிடுச்சி போல” என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் பின்கதவு திறந்தது. ராஜாத்தி கரண்டியோடு வந்து நின்றாள். முன்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே பூத்துவிட்டது.

மேளக்காரர் ஒருவர் குச்சியைக் கீழே போட்டார். சவரிநாதன் மாலையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

“இன்னா சார் நீயே வந்துகீற. எனக்கா மாலை?” என்றாள் ராஜாத்தி.

“உனக்குத்தான். ஆனா நீ நின்னுகினு கீறியே” என்றார் சவரிநாதன் மாலைக்குப் பின்னாலிருந்து.

சரியாக அப்போது தெருமுனையில் ஆட்டோ கடந்தது. இரண்டு குழாயும் ஊருக்கே கேட்கச் சொல்லின.

“அன்பார்ந்த பொதுமக்களே. நமது தண்டையார்பேட்டை மார்க்கெட் பின்புறம், ராஜாத்தி பிரியாணி. கைப்பக்குவத்தில் உங்கள் மனம் கவர்ந்த, உங்கள் வீட்டுப் பெண் ராஜாத்தி பரசுராமன்...”

இங்கே ஒரு சின்ன ‘கிர்ர்’.

“...அவர்கள் இன்று காலை ஆறு மணியளவில் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னார் தான் பசித்திருந்து பிறர்க்குப் பரிமாறியவர். அவர் இல்லாத வீட்டில் விளக்கு எரிந்தாலும் வெளிச்சம் இல்லை. அன்னாரின் இறுதி ஊர்வலத்தில்...”

மறுபடி ஒரு ‘கிர்ர்’.

“...கலந்துகொள்ளும் அனைவருக்கும் ஒரு முட்டை இலவசம். வாரீர், ஆதரவு தாரீர்.”

என்ன நடந்தது என்று டென்னிஸ் பிறகு ஒத்துக்கொண்டார். டிஸ்கில் ஒரு பதிவு முழுதாக ஒரே இடத்தில் இருக்காதாம். காலியாக இருந்த கட்டங்களில் துண்டு துண்டாகப் போய் உட்கார்ந்திருக்கும். கூட்ட நாளில் ரயில் ஏறிய குடும்பம்போல அப்பா ஒரு பெட்டி, பிள்ளைகள் ஒரு பெட்டி. யார் எங்கே என்று சொல்லும் அட்டவணை ஒன்று டிஸ்கிலேயே இருக்கிறது. இவர் அந்த அட்டவணையைப் படிக்க மூளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் ஆளைக் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்து சீட்டில் இருப்பவர்களெல்லாம் அதே குடும்பம் என்று முடிவுகட்டிவிட்டார். பக்கத்து சீட்டில் யாரோ ஒருவரின் சாவு உட்கார்ந்திருந்தது, அதற்கும் அடுத்த சீட்டில் பிரியாணியின் வால்.

அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ராஜாத்தி கரண்டியைப் பிடித்தபடி ஆட்டோ போன திசையையே பார்த்தாள்.

“யக்கா, உன் வூட்டுக்காரர் என்னிய சாவடிச்சிட்டாருக்கா” என்றாள். பிறகு மெதுவாக, “விளக்கு எரிஞ்சாலும் வெளிச்சம் இல்லியாமே. இருபத்திரண்டு வருசத்துல என்னாண்ட இந்த மாதிரி ஒரு வார்த்த சொன்னதில்லக்கா அந்த ஆளு” என்றாள்.

ஆனால் அவள் வியாபாரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். “சரி, சாவல. வந்தது வந்துட்டீங்க. உக்காந்து ஒரு பிளேட் சாப்டுங்க.”

ஒருவரும் அசையவில்லை. பசி இல்லாமல் இல்லை. சாவுச் செய்தி கேட்டதும் சுற்றிலும் நான்கு தெருவில் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். பிணம் எடுக்கும்வரை உலை வைக்கக் கூடாதே. தேக்சாவிலிருந்து வந்த வாசனையில் மேளக்காரர்கள் எச்சில் விழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். சிக்கல் வேறு.

“எழவுக்குனு கெளம்பி வந்துட்டோம். தல முழுவாம வாய்ல எப்டிம்மா வெக்கிறது?” என்றார் அசோகன். தெருவில் எந்த வழக்கு வந்தாலும் தீர்ப்புச் சொல்கிறவர்.

“அதான் எழவே விழலியே” என்றேன்.

“வுழலதான். ஆனா வுழுந்துச்சினு நெனச்சிகினு தானே வந்தோம். மாலை வாங்கியாச்சி, ரெண்டு சொட்டு கண்ணீர் வுட்டாச்சி. முழு சாவு இல்லன்னாலும் முக்கா சாவுக்கு கணக்கு வருது.”

“முக்கா சாவுக்கு கால் மட்டும் கழுவுனா போதாதா?” என்று ஒரு மேளக்காரர் ஆசையோடு கேட்டார்.

“செத்தது நானு. எனக்கே இல்லாத தீட்டு உங்களுக்கு எங்கேர்ந்துயா வந்துச்சி?” என்றாள் ராஜாத்தி.

“செத்தவங்களுக்கு தீட்டு கெடியாதும்மா. உயிரோட கீறவங்களுக்குத்தான்” என்றார் அசோகன்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் காலையிலேயே நின்றுவிடும். வீட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பி வருவார்கள் என்பது என்ன நிச்சயம்? தேக்சா ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை கூட்டம் வந்தும் ஒரு பிளேட் போகாமல் இவள் வெங்காயம் நறுக்கத் திரும்பினால், அந்தப் பாவம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத்தான் சேரும்.

ராஜாத்தி உள்ளே போய், பாத்திரம் கழுவப் பிடித்து வைத்திருந்த நீல டிரம்மைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தாள். இடது கையில் மக், வலது கையில் கரண்டி.

“வரிசையா வா. தலைய நீட்டு, தட்ட நீட்டு” என்றாள்.

முதலில் யாரும் வரவில்லை. கடைசியில் சவரிநாதன் மாலையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனார். அவர் எங்களைப்போல வேதக்காரர், அவருக்கு இந்தத் தலைமுழுக்கெல்லாம் கிடையாது. ஆனாலும் வழுக்கையைக் குனிந்து நீட்டினார். ராஜாத்தி ஒரு மக் தண்ணீரை நிதானமாக, ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றினாள். அந்தக் கத்திக்கும் சேர்த்து ஊற்றினாள் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு தட்டில் பிரியாணி விழுந்தது. அவர் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், இரண்டாவது தட்டுக்காக மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அதற்கப்புறம் ஒரே தள்ளுமுள்ளு. ஊரே ஈரத் தலையோடு தின்றது. காத்தூன் பீவி முக்காட்டின் மேலேயே ஊற்றிக்கொண்டார். அசோகன் சாப்பிட்டு முடித்துவிட்டு, “முட்டைனு சொன்னாங்களே” என்று கேட்டார். ராஜாத்தி குனிந்து மேஜைக்கு அடியில் முட்டைக் கூடையைத் தேடினாள்.

அந்த நேரத்தில் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. பரசுராமன் இறங்கினார். காதில் பஞ்சு. எதிரே மாலை போட்ட ராஜாத்தி படம், ஊதுபத்தி, மேளம், தலை முழுகி நிற்கும் ஜனம். ராஜாத்தியைக் காணோம். பாவம் அந்த மனிதர், அப்படியே ஆட்டோ படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்து திறந்து அழுதார், சத்தம் மட்டும் வரவில்லை. பின் சீட்டில் தலையணையை அணைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர், “பெர்சிஸ், ஒரு வாட்டிகூட நிக்கல, சூப்பரா ஓடிச்சி” என்றார். நான் போய் அவர் காதுப் பஞ்சைப் பிடுங்கி, என் வாழ்நாளில் சேர்த்து வைத்த அத்தனையையும் அந்தக் காதில் சொன்னேன்.

ராஜாத்தி முட்டைக் கூடையோடு நிமிர்ந்தாள். பரசுராமன் பார்த்தார். எழுந்து தடுமாறி ஓடி வந்து அவள் தோளை, கையை, முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“நான் நல்லாத்தான் கீறேன்” என்றாள் அவள், அவர் காதுப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே. “எவ பொணத்துக்கோ அவ்ளோ ஷோக்கா பேசிகீற. உயிரோட கீறவளுக்கு ஒண்ணும் கெடியாதா?”

பரசுராமன் திரும்பி ஆட்டோவுக்குப் போனார். டென்னிஸ் டிஸ்கின் சுவிட்சை அணைத்தார். மூன்று மாதத்தில் அவர் செய்த ஒரே புத்தியுள்ள காரியம் அது. பரசுராமன் மைக்கை எடுத்து வாயருகே வைத்துப் பேச ஆரம்பித்தார். குழாய்களிலிருந்து ‘ஹ்ஹ்ஹ்’ என்று காற்று மட்டும் வந்தது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது மாதிரி ஒரு சத்தம். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழுதாக இரண்டு நிமிடம் பேசினார். ஒரு எழுத்துகூட யாருக்கும் புரியவில்லை.

ராஜாத்தி கூடையை வைத்துவிட்டு மக்கைக் கையில் பிடித்தபடி, அவர் முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

“கேட்டுச்சி. எறங்கி வந்து சாப்டு” என்றாள். “மொதல்ல தலைய நீட்டு.”